குழாய் கட்டின வீடு எது என்று கேட்டு வருகிறவன்

என் மானம் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், தம்பி. எப்படியும் அது டெலிபோன் பூத்துக்காரப் பையன் மூலமாக நீ இருக்கிற பெரம்பலூர் வரைக்கும் வந்து சேரத்தான் போகிறது. நானே முந்திக்கொண்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். நேற்று நீ போன் செய்தபோது ரிசீவரைக் கையில் வாங்கினேன் அல்லவா, பழக்கதோஷத்தில் அதன் தலையில் இரண்டு தட்டு தட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று சொல்லிவிட்டேன். நீ அந்தப் பக்கம் "அப்பா, அப்பா" என்று கத்துகிறாய். இந்தப் பக்கம் வரிசையில் நின்ற பெண்களெல்லாம் சிரிக்கிறார்கள். அதில் ஒருத்தி, "அண்ணே, அப்படியே ஒரு அம்மன் பாட்டும் போட்டு வுடுங்க, கேட்டுட்டுப் போறோம்" என்கிறாள். இந்த வட்டாரத்தில் எத்தனையோ ஊர்த் திருவிழாவில் மைக் பிடித்துப் பேசிய ஆளுக்கு, பெற்ற பிள்ளை ஒருவன் மட்டும் கேட்கிற போனில் நாக்கு ஒட்டிக்கொண்டது. வேலை கிடைத்துவிட்டது என்றாய். என்ன வேலை என்றும் சொன்னாய். "ரொம்ப சந்தோஷம்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அது பொய். எனக்குச் சந்தோஷம் இல்லை. அந்த வேலையில் நீ சேரக் கூடாது. போனில் சொல்ல முடியாததை இதில் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றவன் எழுதுகிற எழுத்து. ஒற்று எங்கே போடுவது, எங்கே விடுவது என்று எனக்குத் தெரியாது. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள், பி.ஏ. படிக்க வைத்தது அதற்குத்தான். உன் அறையில் தங்கியிருக்கிற பையன்களும் அதே வேலையில் சேரப்போவதாகச் சொன்னாய். அவர்களுக்கும் படித்துக் காட்டு. இதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. ஊரே கேட்ட கதைதான், அதுவும் என்னுடைய குழாய் ஸ்பீக்கரில்.

ஃபீல்டு ஆபீசர் என்றாய். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். "ஃபீல்டுன்னா வயலுதானே, வயலுக்கு ஆபீசரா போறானா? அப்ப நம்ம வரப்பையும் வந்து பாப்பானா?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு விவரம் சொன்னேன். ஊர் ஊராகப் போய், வயசுப் பிள்ளைகள் இருக்கிற வீடாகப் பார்த்து, அம்மா அப்பாவிடம் பேசி, பிள்ளைகளை மேற்கே நூல் மில்லுக்குச் சேர்த்து அனுப்புகிற வேலை. பிள்ளைகள் மில்லுக்குள்ளேயே தங்கி மூன்று வருஷம் வேலை பார்க்க வேண்டும். முடிவில் கல்யாணச் செலவுக்கு என்று மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார்கள். உன் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் தெளிந்து வெகுநேரம் ஆகியும் களைந்துகொண்டே இருந்தாள். அவளும் தேன்மொழியைத்தான் நினைத்தாள் என்று எனக்குத் தெரியும்.

தேன்மொழியை நீ மறந்திருக்க மாட்டாய். கோவிந்தம்மா மகள். ஒன்றாம் வகுப்பிலிருந்து உன்னோடு படித்தவள். எல்லாப் பரீட்சையிலும் அவள் முதல் ரேங்க், நீ இரண்டாவது. நீ வீட்டுக்கு வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அவ கணக்கையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வரா" என்பாய். "கணக்க எப்படிடா மனப்பாடம் பண்றது, எனக்கும் சொல்லிக் குடு" என்று கேட்டால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாய். ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு பேரும் தா.பழூர் போனீர்கள். அந்தக் காலாண்டுப் பரீட்சையில் நீ முதல் ரேங்க் வாங்கினாய். நான் தலைகால் தெரியாமல் டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் பட்டர் பன் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவன் எப்படி முதலாவதாக வந்தான் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. முதலாவதாக இருந்தவள் பரீட்சையே எழுதவில்லை என்பது எனக்குத் தெரியாததா? அவள் வீட்டுச் சடங்குக்குக் குழாய் கட்டினவனே நான்தானே.

நம் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் காலையில் வருகிற ஒரே டவுன் பஸ்ஸைப் பிடித்துப் போக வேண்டும். அதன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிற வீரர்களில் நீயும் ஒருவன், நான் பார்த்திருக்கிறேன். அந்தப் படிக்கட்டைத் தாண்டிப் பெண் பிள்ளைகள் எப்படி உள்ளே ஏறினார்கள், ஏறும்போது எத்தனை கை பட்டது என்று உனக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஒதுங்குவதற்கு இடம் கிடையாது, பின்னால் இருக்கிற கருவைக்காடுதான். கோவிந்தம்மா என்னிடமே சொன்னாள்: "காலையில தண்ணி குடிக்காம போறா அண்ணே. சாயங்காலம் வந்துதான் ஒரு சொம்பு தண்ணிய அப்படியே குடிக்குறா. இப்ப பெரியவளும் ஆயிட்டா. இனிமே எப்படி அனுப்புறது?" அவள் புருஷன் கரும்பு வெட்டுகிற ஆள், வருஷத்தில் பாதி வெளியூரில் இருப்பார். கேட்பதற்கு வேறு ஆள் இல்லாமல்தான், குழாய் கட்ட வந்த என்னிடம் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒயர் எங்கேருந்து இழுக்கணும்?" என்று கேட்டேன்.

என் தொழிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குழாயைத் தெற்கே வயல் பக்கம் திருப்புவேன், இன்னொன்றை வடக்கே ரோட்டுப் பக்கம் திருப்புவேன். ரோட்டுக்குக் கேட்டால்தான் கௌரவம் என்று வீட்டுக்காரர்கள் சொல்லுவார்கள். இப்போது உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். இந்த வீட்டில் ஒரு பிள்ளை பெரியவளாகிவிட்டாள், இனிமேல் இவள் பள்ளிக்கூடம் போக மாட்டாள், பந்தலும் பாயசமும் போட்டு இவர்களுக்குக் கடன் ஏறியிருக்கிறது: இத்தனையையும் நாமே பாட்டுப் போட்டு ஊருக்கு ஊர் சொல்கிறோம். கேட்கிறவர்கள் பாட்டைக் கேட்பார்கள். பாட்டுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். சடங்கு முடிந்த மறுநாள் காலை வேப்பமரத்தில் ஏறிக் குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு குரல்.

"குழாய் கட்டின வூடு இதுதானுங்களா?"

"நேத்து கட்டின வூடு. இன்னைக்கு அவுக்குற வூடு" என்றேன் மேலிருந்து.

அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்பு, எனக்கே பிடித்திருந்தது. வெள்ளைச் சட்டை. சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விட்டு நேராக வருவதாகச் சொல்லிக் கோவிந்தம்மாவுக்குக் குங்குமப் பொட்டலம் கொடுத்தான். "உங்க அம்மாயி ஊருக்கும் எங்க ஊருக்கும் கூப்பிடு தூரந்தான், தங்கச்சி" என்றான். எப்படிப் பார் தம்பி, ஒரு வாய் மோர் குடிப்பதற்குள் அண்ணனாகிவிட்டான். அம்மாவுக்கு அண்ணன் என்றால் பிள்ளைக்கு மாமா. தாய்மாமன் முறை. பெரம்பலூரில் எப்படிப் பேச வேண்டும் என்று டிரெயினிங் கொடுக்கிறார்கள் என்றாயே, முதல் பாடம் இதுவாகத்தான் இருக்கும்.

"புள்ளய மேல படிக்க வைக்கப் போறியா, தங்கச்சி?"

"எங்கங்க. பஸ்ஸுல அனுப்பவே பயமா இருக்கு."

"வூட்ல வெச்சா மட்டும்? நீ நடவுக்குப் போயிட்டா யாரு பாத்துக்குவா? காலம் கெட்டுக் கெடக்கு. மில்லுன்னா சுத்திக் காம்பவுண்டு செவுரு, கேட்டு, வாட்ச்மேன். சொந்தக்காரங்க வந்து கேட்டாத்தான் புள்ளைங்கள வெளியவே வுடுவாங்க. பத்திரமா இருக்கும்."

கடைசிச் சொல்லில்தான் கோவிந்தம்மா நிமிர்ந்தாள். பிறகு ஊர் என்ன பேசியது தெரியுமா, பணத்துக்கு ஆசைப்பட்டுப் பிள்ளையை அனுப்பிவிட்டாள் என்று. மரத்தின் மேல் இருந்து கேட்டவன் நான். பணத்தைப் பற்றி அவன் சொன்னபோது அவள் முறத்தில் இருந்த அரிசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்திரம் என்றதற்குத்தான் தலையாட்டினாள். பஸ்ஸுக்குப் பயந்து, கருவைக்காட்டுக்குப் பயந்து, தெருவுக்குப் பயந்து, கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தாள். அடுத்த வாரம் தேன்மொழி ஒரு பையோடு அவன் பின்னால் பஸ் ஏறினாள். "மாமா சொல்றத கேட்டு நடந்துக்க" என்று கோவிந்தம்மா சொல்லி அனுப்பினாள். நாமெல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற சொல்தான் அது. பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே, சொந்தக்காரர் கூப்பிட்டால் போ. எந்தப் பெரியவர், என்ன சொன்னால் கேட்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. உனக்கு நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த மில்லில் அவன் சொன்ன காம்பவுண்டு இருந்தது. கேட்டும் இருந்தது, வாட்ச்மேனும் இருந்தார். சொந்தக்காரர் வந்தால்தான் வெளியே விடுவோம் என்ற கண்டிப்பும் இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளை அழைத்துவரப் போவதற்கு அப்பன் ஊரில் இல்லை, அம்மாவுக்கு வழி தெரியாது. சொந்தக்காரன் என்று போய் நின்றவன் அவன்தான். யார் என்று கேட்டார்கள், மாமா என்றான். பிள்ளையும் மாமா என்றாள். கேட்டைத் திறந்து விட்டார்கள். வீட்டுக்கு என்று கூட்டிக்கொண்டு வந்தவன், அவளை நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து விடவில்லை. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அவளுக்குப் பதினைந்து வயது. அவள் பொங்கலுக்கு வந்தபோது ஒருவரிடமும் பேசவில்லை. ஊர் விட்டுப் போனதும் பிள்ளைக்கு அடக்கம் வந்துவிட்டது என்று தெருவில் பாராட்டினார்கள். மறு வருஷம் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால், அந்தக் கேட்டை எப்படித் தாண்டினாளோ, யாரிடமோ வழி கேட்டுக் கேட்டு பஸ் மாறித் தனியாக ஊர் வந்து சேர்ந்தாள். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கோவிந்தம்மா கோயில் தர்மகர்த்தாவிடம் போய்ச் சொல்லி, ஸ்டேஷனுக்குத் துணைக்கு வரச் சொல்லிக் கேட்டாள். திருவிழா முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று அவர் அனுப்பிவிட்டார்.

திருவிழாவுக்கு நான்தான் மைக் செட். காலையில் பாட்டுப் போட்டு, கூழ் ஊற்றுகிறவர்கள் பேரையெல்லாம் சொல்லி முடித்து, மைக்கைப் பந்தலில் மேஜை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அந்த நேரம் பார்த்துத் தர்மகர்த்தாவும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் பந்தலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கூட அவனும் வந்திருக்கிறான். மில்லில் பேசுவதற்கு அவன்தானே வேண்டும் என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டிருக்கிறார்கள். டீக்கடைக்கு மேலே தென்னை மரத்தில் என் குழாய் ஒன்று இருந்தது. அதில் தர்மகர்த்தா குரல் வந்தது, வானத்திலிருந்து வருகிற மாதிரி.

"நடந்தது நடந்துபோச்சு. பொண்ணு கெட்டுப்போச்சு. இத வெளிய வுட்டா ஊருக்குத்தான் அசிங்கம்."

"அந்தம்மா ஸ்டேஷனுக்குப் போவேன்னு நிக்குதே."

"போயி? நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? யாராச்சும் ரெண்டாந்தாரமா பாத்து முடிச்சு வுட்டுரலாம்."

பிறகு அந்தச் சிரிப்பு. "நீங்க கவலப்படாதீங்கய்யா. மில்லுல பேசி எதாச்சும் வாங்கித் தரேன். எந்தங்கச்சி புள்ள மாதிரி."

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "யோவ், உன் மைக்கு."

நான் வேண்டுமென்றே விட்டேன் என்று இன்றைக்கும் சிலர் பெருமையாகச் சொல்லுகிறார்கள். நான் அந்த மாதிரி ஆள் இல்லை, உனக்கே தெரியும். மறந்துவிட்டேன். என் வாழ்நாளில் உருப்படியாக நடந்த ஒரு காரியம் ஞாபகமறதியில் நடந்தது. ஒன்று மட்டும் என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்: ஓட வேண்டியவன் நடந்து போனேன். டீயையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் நடந்தேன்.

தெற்குக் குழாய் வயலைப் பார்த்து இருந்தது என்றேன் அல்லவா. வயலில் நடவு. நாற்றுக் கட்டோடு குனிந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்திருக்கிறார்கள். கோவிந்தம்மா அந்த வரிசையில் இருந்தாள். நான் பந்தலுக்குள் நுழையும்போது அவளும் நுழைந்தாள், முழங்கால் வரைக்கும் சேறு. அவளுக்குப் பின்னால் மொத்த நடவும் வந்து நின்றது. தர்மகர்த்தாவுக்கு அதுவரைக்கும் ஒன்றும் புரியவில்லை. "உனக்கு யாரு சொன்னா?" என்று அவளைக் கேட்டார். "நீங்கதான் சொன்னீங்க. ஊருக்கே" என்றாள். அவர் மேஜையைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அத அமுத்துய்யா" என்றார். "அமுத்துறேங்க, அமுத்துறேங்க" என்று ஆம்ப்ளிபயரில் இருக்கிற எல்லா பட்டனையும் துடைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மைக்கை அவள் எடுத்துவிட்டாள்.

"கெட்டுப்போச்சு, கெட்டுப்போச்சுங்கிறீங்க. தானா கெட்டுப்போறதுக்கு எம்புள்ள என்ன நேத்து வெச்ச சோறா? கெடுத்தவன்னு ஒருத்தன் இருப்பான்ல. அவன் பேர ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்களே. இதோ நாற்காலி போட்டு உக்கார வெச்சிருக்கீங்க. நீங்க சொல்ல வேணாம், நான் சொல்றேன்."

பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். கரண்ட் போய்விட்டது.

சத்தியமாக நான் இல்லை. அந்தக் காலத்துக் கரண்ட்டைப் பற்றி உனக்கே தெரியும். மைக் இல்லாமலேயே பேரைச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்களுக்கு முன்னாலேயே தெரியும். அவன் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, அவசரப்படாமல் ரோட்டுக்குப் போனான். ஒருவரும் மறிக்கவில்லை. நானும் மறிக்கவில்லை.

அவள் சொன்ன அந்தச் சொல்லைத்தான் அன்றிலிருந்து மென்றுகொண்டிருக்கிறேன். நம் ஆட்கள் எதையெல்லாம் கெட்டுப்போச்சு என்கிறார்கள் என்று கவனித்துப் பார். பால் கெட்டுப்போச்சு, மோட்டார் கெட்டுப்போச்சு, பொண்ணு கெட்டுப்போச்சு. செய்தவனே இல்லாமல் தானாக நடந்த மாதிரி. ஆம்ப்ளிபயர் புகைந்தாலாவது வோல்டேஜைத் திட்டுகிறோம். உன்னைத் தமிழ் படிக்க வைத்தேனே, இந்தச் சொல்லுக்கு எழுவாய் எங்கே என்று உன் வாத்தியார்கள் யாராவது கேட்டார்களா?

பேர் சொன்னதால் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஸ்டேஷனில், மில் இருக்கிற ஊரில் போய்க் கொடு என்றார்கள். அங்கே போனால், பொண்ணு எந்த ஊரோ அந்த ஊரில் கொடு என்றார்கள். மனு எழுதி மேலே கொடுத்தாள். இடையில் அரியலூரைத் தனி மாவட்டம் என்று பிரித்தார்கள், பிறகு பெரம்பலூரோடு சேர்த்தார்கள், இப்போது மறுபடியும் பிரிக்கப்போவதாகப் பேச்சு. இவள் மனு எந்தப் பக்கம் போய், எந்தப் பக்கம் தங்கிவிட்டதோ. கரும்பு வெட்டிவிட்டு வந்த புருஷன், ஊர் சிரிக்க வைத்துவிட்டாள் என்று அவளைத்தான் அடித்தார். அந்த மில் ஆள் நம் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டு, வடக்கே சோளக்காட்டு ஊர்களுக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் யாராவது குழாய் கட்டத்தானே செய்வார்கள். தேன்மொழியைத் திருச்சியில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் நம் ஊர் மண்ணை மிதிக்கவில்லை.

எல்லாவற்றையும் விட என் மனதை அழுத்துவது வேறு. அன்றைக்குச் சேற்றுக் காலோடு பந்தலில் வந்து நின்ற பெண்களில் இரண்டு பேர், மறு வருஷமே தங்கள் பிள்ளைகளை வேறொரு ஆளோடு மில்லுக்கு அனுப்பினார்கள். ஒருத்தியிடம் நானே கேட்டேன். "இவரு நல்ல மனுசன் அண்ணே. அதுவுமில்லாம வூட்ல வெச்சுட்டு நான் எங்க போறது?" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே பஸ், அதே படிக்கட்டு, அதே கருவைக்காடு. தேன்மொழி கதையைக் கேட்டதில் பயம்தான் கூடியிருந்தது. பயம் கூடக் கூடப் பூட்டுப் போட்ட இடத்தைத்தான் தேடுவார்கள். சாவி யார் கையில் இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு வழி இல்லை.

நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். "நான் அவன மாதிரியாப்பா?" என்பாய். இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாய்க்குட்டி வண்டியில் அடிபட்டுக் கிடந்தது என்று இரண்டு நாள் அழுத பிள்ளை நீ. அதைச் சொல்லி உன்னை இன்னும் கேலி செய்துகொண்டுதான் இருக்கிறேன். உன் நல்ல குணம்தான் அவர்களுக்கு வேண்டும், தம்பி. பி.ஏ. படித்த உள்ளூர்ப் பையன், பார்த்தால் அடக்கமான முகம், மைக் செட்டுக்காரர் மகன் என்றால் எந்த வீட்டிலும் உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார்கள். உன் முகத்தை நம்பிப் பிள்ளையைக் கொடுப்பார்கள். நீ கேட் வரைக்கும் கொண்டுபோய் விடுவாய். கேட்டுக்கு அந்தப் பக்கம் நீ இருக்க மாட்டாய். அங்கே சூப்பர்வைசர் யார், அவளை அழைத்துப் போக வருகிறவன் யார், உடம்பு முடியாவிட்டால் யாரிடம் சொல்லுவாள், நீ அறிவாயா? நாளைக்கு ஒன்று நடந்துவிட்டால் இதே மாதிரி ஒரு பந்தலில் உனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். நீ உட்கார மாட்டாய், எழுந்து போய்விடுவாய். எழுந்து எங்கே போவாய்?

நல்லபடியாகத் திரும்பி வந்த பிள்ளைகளும் உண்டு. அதை மறைத்தால் நான் பொய்யனாகிவிடுவேன். சொன்ன தொகையை வாங்கி வந்து தோடு எடுத்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கல்யாணத்துக்கும் நான்தான் குழாய் கட்டினேன். அந்தப் பிள்ளைகளைப் பற்றியும் மாப்பிள்ளை வீட்டார் "மில்லுல இருந்த பொண்ணா?" என்று ஒரு மாதிரி இழுத்துத்தான் கேட்டார்கள். ஒரு தப்பும் நடக்காத பிள்ளைக்கே அந்த இழுவை. கெட்ட மனுஷன் ஒருவன் வந்து எல்லாவற்றையும் செய்துவிட்டான் என்று நினைத்துக்கொள்ளாதே. அவனுக்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடம் பாதியில் நின்றது, அப்பன் ஊரில் இல்லை, கேட்டால் மானம் போகும், சொன்னால் கல்யாணம் நிற்கும். பாதையெல்லாம் பெருக்கிக் கோலம் போட்டு வைத்திருந்தோம். அவன் நடந்து வந்தான்.

நான் கொஞ்ச காலமாகச் சடங்குக்குக் குழாய் கட்டுவதில்லை. அதனால் சடங்கு ஒன்றும் நின்றுவிடவில்லை. ஜெயங்கொண்டத்துக்காரன் ஒருவன் ஆள் உயரத்துக்கு பாக்ஸ் கொண்டு வந்து வைக்கிறான். என் குழாயை விட நாலு ஊர் தள்ளிக் கேட்கிறது. எனக்கு வருமானம் குறைந்ததுதான் மிச்சம். நீ இந்த வேலையை விட்டாலும் அப்படித்தான் ஆகும், வேறொரு பையன் போவான். அது தெரிந்தேதான் சொல்லுகிறேன். பி.ஏ. படித்துவிட்டு இரண்டு வருஷமாக நீ படுகிற பாடும் தெரியும். சிமெண்ட் லாரிக்கு லோடு ஏற்றப் போ என்று சொல்ல எனக்கு மனசு இல்லை, வேறு வேலை வாங்கித் தர வக்கும் இல்லை. என்னிடம் இருப்பது வேண்டாம் என்ற ஒரு சொல்தான்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. போன கார்த்திகையில் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் தேன்மொழியைப் பார்த்தேன். துணிக்கடையில் வேலை பார்க்கிறாளாம், ஏதோ சாவுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாள். கோவிந்தம்மா என்னை அண்ணன் முறை சொல்லித்தான் கூப்பிடுவாள், அதனால் சின்னதிலிருந்து தேன்மொழி என்னை மாமா என்பாள். தெருவில் போனால் "மைக்கு மாமா, பாட்டு போடு" என்று கத்துவாள். நானாகப் போய்ப் பேசினேன். கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டு, "நல்லா இருக்கீங்களா சார்?" என்றாள். சார். நான் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். அதற்குள் பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "உங்க பையன் இப்பவாச்சும் கணக்கு ஒழுங்கா போடுறானா?" என்று கேட்டாள். போடுகிறான் என்றேன்.

யோசித்துச் செய், தம்பி. நீ வேலையில் சேர வேண்டிய ஒன்றாம் தேதிக்குள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. போன் செய்தாலும் சரி, இந்த முறை தட்டாமல் பேசுகிறேன். அம்மா உனக்கு முறுக்குச் சுட்டு வைத்திருக்கிறாள், நீ எந்த முடிவு எடுத்தாலும் அது உனக்குத்தான்.

எழுதி முடிக்கிற நேரத்தில் இன்னொரு விஷயம். இன்று காலை உன் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். நீ ஊர் ஊராகப் போவதற்கு என்று ஒரு மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுப் பஸ் ஏறப் போனார். பையன் இன்னும் முடிவு சொல்லவில்லை, வண்டியை அவரிடமே கொடுத்துவிடலாம் என்று நான் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். எனக்கு மொபெட்தான் பழக்கம், இது கியர் வண்டி. ஏரிக்கரை திருப்பத்தில் வண்டி திரும்பவில்லை. இப்போது ஏரியில் இருக்கிறது. கரையோரம்தான், தண்ணீர் சீட்டுக்கு மேல் போகவில்லை. அங்கே படுத்திருந்த எருமை எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டது. சாவி வண்டியிலேயே இருக்கிறது.